மார்க் நகராமை: கடலூர்–சிதம்பரம் தடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வரையறை

நீட் பயிற்சித் தேர்வில் ஒரு மாணவர் எத்தனை ஞாயிறு எழுதினாலும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்ணைப் பெறுவாராயின், அந்நிலையை ‘மார்க் நகராமை’ என்று இக்கட்டுரை வழங்கும். நாலைந்து மார்க் கூடிக் குறைவது அசைதல் எனப்படுமே தவிர நகர்தல் ஆகாது. வீட்டார் வழக்கில் இந்நிலைக்கு ‘அங்கயே நிக்குது’ என்று பெயர். ரிப்பீட்டர் எனப்படும் பிரிவினரிடம் இது மிகுதியாகக் காணப்படும்.

நீட் தேவையா என்ற வினா இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. 2006-இல் சட்டம் இயற்றி நுழைவுத் தேர்வையே ஒழித்த மாநிலம் இது. 2017 முதல் மருத்துவச் சேர்க்கை நீட் வழியே நடக்கிறது. விலக்குக் கேட்டு 2021-இல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. அந்த வாதம் அதற்குரிய அவையில் நடக்கட்டும். பிள்ளை இந்த ஞாயிற்றுக்கிழமையும் டெஸ்ட் எழுதியாக வேண்டும்.

ஆய்வுக்களம்

கடலூர்–சிதம்பரம் பேருந்துத் தடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இத்தடத்து மாணவர் பலர் கனவு காணும் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி கடலூரில் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி வழி கேட்பவரைச் சுமார் 45 கிலோமீட்டர் தெற்கே அனுப்பிவைப்பார்கள். 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிப் பிற்பாடு அரசுக் கல்லூரியான அது, சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருந்தபடியே மாவட்டத் தலைநகரின் பெயரைத் தாங்குகிறது. பெயர் ஓரிடம், பொருள் வேறிடம். தேடுமிடம் தவறினால் என்ன ஆகும் என்பதை அறிய இதைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

முன்னோர் கொள்கைகள்

மார்க் ஏன் நகரவில்லை என்பது பற்றி அறிஞர் பலர் கருத்துரைத்துள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் உறவினர்.

அன்னையர் கொள்கை: எல்லாவற்றுக்கும் போன்தான் காரணம். போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிய வாரங்களிலும் மார்க் அதே இடத்தில் நின்றது என்பது இதற்கு மறுப்பு. பூட்டியது தாமதம் என்பது மறுப்புக்கு மறுப்பு.

தந்தையர் கொள்கை: ஒப்பீட்டு முறை சார்ந்தது. ‘மஞ்சக்குப்பத்துல நம்ம டீச்சர் பொண்ணு இருக்கே’ என்று தொடங்கும். அந்தப் பெண்ணை யாரும் நேரில் கண்டதில்லை என்பதால் மேற்கொண்டு ஆராய இயலவில்லை.

பாட்டியர் கொள்கை: கண் திருஷ்டி. ஏறாத மார்க்கின் மேல் யார் கண் வைப்பார் என்ற வினாவுக்கு இவர்கள் விடை தரவில்லை. எனினும், மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டு, நெடி ஏறாவிட்டால் திருஷ்டி உண்டு என்று முடிவு காண்கிறார்கள். இங்கே சொல்லப்பட்ட கொள்கைகளுள் சோதனை முறை உடையது இது ஒன்றே.

மாமன்மார் கொள்கை: ‘சென்டரை மாத்துக்கா, நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல போடு.’ செலவு அக்காவுடையது என்பதால் இக்கொள்கை உறுதியுடன் சொல்லப்படுகிறது.

மாணவர் கொள்கை: ‘இன்னும் நாலு டெஸ்ட் போட்டா ஏறிடும்.’ உழைப்பைக் கோரும் கொள்கை இது மட்டுமே ஆதலால் மதிக்கத்தக்கது. எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றுவதும் இதுவே.

கணக்கியல்

தாளில் 180 வினாக்கள்: இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரிக்கு 4 கூடும், தவறுக்கு 1 குறையும், விட்டதற்கு ஒன்றுமில்லை. மொத்தம் 720.

இரண்டு மாணவரைக் கற்பனை செய்வோம். முதலாமவர் 180 வினாவையும் தொட்டார். 118 சரி, 62 தவறு. 472-இல் 62 போக 410. இரண்டாமவர் 115 வினாக்களை மட்டும் தொட்டார். 105 சரி, 10 தவறு. 420-இல் 10 போக அவருக்கும் 410. பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ‘எனக்கும் அதேதான்டா’ என்று இருவரும் ஆறுதல் அடைகிறார்கள். உண்மையில் நோய் வேறு, மருந்தும் வேறு. இரண்டாமவர் தொடாத 65-இல் படிக்காத பாடம் எவ்வளவு, போதாத நேரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாமவர் தெரியும் என்று நினைத்தவற்றுள் பல அவருக்குத் தெரியவில்லை. விட்ட வினா ஒன்று விளங்கினால் கிடைப்பது 4. தவறு ஒன்று திருந்தினால் போன 1-உம் திரும்பி 5 கிடைக்கும். முதலாமவர் பத்துத் தவறுகளைத் திருத்தினால் 460. புதுப் புத்தகம் ஒன்றும் தேவையில்லை.

மார்க் வெளியிலிருந்து வரக்கூடாதா என்று கேட்போர் உண்டு. 2018-இல் தமிழ் வினாத்தாளின் 49 வினாக்களில் பிழை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மார்க் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சரிக்கு 4, தவறுக்கு 1 என்ற கணக்கில் 720-க்கு அடுத்து வரக்கூடியது 716. ஆகவே 719 பிறக்க வழியே இல்லை. 2024-இல் கருணை மதிப்பெண்ணால் அதுவும் பிறந்தது. 1,563 பேருக்குத் தந்த அம்மதிப்பெண் பிறகு திரும்பப் பெறப்பட்டது. வெளியிலிருந்து வந்தது தங்கவில்லை.

இன்னொன்று. 2024-இல் முதலில் வெளியான முடிவில் 67 பேர் 720 எடுத்திருந்தார்கள். 2025-இல் நாட்டின் முதல் மாணவர் பெற்றது 686. முதலிடமே 34 மார்க் இறங்கிய ஆண்டு உண்டு என்றால், தாள் கடினமான ஞாயிறன்று அதே 410 எடுத்தவர் முன்னேறியிருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். மார்க் நிற்கும்போது ரேங்க் நகர்கிறதா என்று பார்ப்பது முறை.

ஊர் தரும் சான்று

இம்மாவட்டத்து விருத்தாசலத்தில் சுந்தரர் இறைவனிடம் 12,000 பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்கிறது பெரியபுராணம். அது அரங்கேறியதும் சிதம்பரம் ஆயிரக்கால் மண்டபத்தில்தான் என்பது மரபு. அன்று தொட்டே ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடும் வழக்கம் இவ்வட்டாரத்தில் வேர்விட்டது என்று இக்கட்டுரை துணிகிறது. ஒளியியலில் விட்ட மார்க்கைத் தாவரவியலில் தேடுவதும், போன ஞாயிறு தொலைத்ததை வருகிற ஞாயிற்றுத் தாளில் தேடுவதும் இதன்பாற்படும். சுந்தரருக்கு அது பலித்தது. அவர் தம்பிரான் தோழர். நமக்கு அத்தகைய சிபாரிசு இல்லை.

இவ்வரலாற்றில் ஆய்வாளர் கவனியாது விட்ட பகுதி ஒன்று உண்டு. ஆற்றில் போடுமுன் சுந்தரர் அப்பொன்னில் ஒரு துண்டை மச்சமாக, அதாவது மாதிரியாக, வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன் மாற்றுக் குறைவு என்பது அதனோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. இறைவனே திருப்பித் தந்தாலும் கையில் கணக்கு வைத்திருந்தார். மாணவர் கைக்கொள்ள வேண்டியது குளத்தை அன்று, மச்சத்தை.

பரிந்துரை

மூன்று மணி நேரம் டெஸ்ட் எழுதியவர், அதன் தவறுகளோடு குறைந்தது மூன்று மணி நேரம் உட்காருக. ஒவ்வொரு தவறான வினாவையும் தனி நோட்டில் எழுதிப் பக்கத்தில் காரணம் குறிக்க: படிக்கவில்லை, மறந்தது, கணக்கில் பிழை, நேரம் போதவில்லை, ‘தவறானது எது’ என்பதைச் ‘சரியானது எது’ என்று படித்தது. கடைசி வகைக்குப் புதுப் பாடம் படிப்பதால் பயனில்லை, வினாவின் அடியில் ஒரு கோடு போதும். பத்து நாள் கழித்து, விடையைப் பாராமல் அதே வினாக்களை மீண்டும் போடுக. அவை தேறும்வரை புது டெஸ்ட் விலக்கு.

குடும்பத்தார்க்கு ஒரு விண்ணப்பம். டெஸ்ட் முடிந்து வரும் பிள்ளையிடம் ‘எத்தனை?’ என்று கேட்காதீர்கள். ‘எங்க போச்சு?’ என்று கேளுங்கள். அதையும் சோறு போட்ட பிறகு கேளுங்கள்.