கொசு பாஸ்போர்ட் கேட்காது!

கே: ரிக் வண்டி வேலைக்குக் காங்கோ போகிறேன். வீட்டில் துப்பாக்கிச் சண்டையை நினைத்து அழுகிறார்கள். நான் எதற்குப் பயப்பட வேண்டும்?
(டிரில்லர், திருச்செங்கோடு)

ப: தம்பி, சண்டை பெரும்பாலும் நடப்பது கிழக்கு ஓரத்தில். தலைநகர் கின்ஷாசாவிலிருந்து அங்குள்ள கோமா நகரம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் மேலே. உங்கள் முதல் எதிரி கொசு, இரண்டாவது தண்ணீர், மூன்றாவது சாலை. உலகில் மலேரியா அதிகமுள்ள நாடுகளில் நைஜீரியாவுக்கு அடுத்து காங்கோதான். துப்பாக்கிக்காரன் ஆள் பார்த்துச் சுடுவான். கொசு ஆளே பார்க்காது.

கே: மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? ஏர்போர்ட்டிலேயே போட்டுக்கொள்ளலாமா?
(வியாபாரி, ஈரோடு)

ப: கட்டாயம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பினால், நம் ஊர் விமான நிலையத்திலேயே மடக்கி ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். 2016 முதல் ஒரு ஊசி ஆயுளுக்கும் செல்லும். முதலில் ஊசி, அப்புறம் டிக்கெட்!

கே: ஊசி என்றாலே எனக்கு நடுக்கம். அவசியம்தானா?
(கல்லூரி மாணவர், திருச்சி)

ப: மஞ்சள் காய்ச்சலை ஆராயப் போய் அதற்கே பலியானவர் ஜப்பானிய விஞ்ஞானி நொகுச்சி. 1928, அக்ரா நகரம். பிறகு தடுப்பூசியை உருவாக்கிய மாக்ஸ் தெய்லருக்கு 1951-இல் நோபல். அவர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். உங்களிடம் கேட்பது கொஞ்சம் கையை மட்டும்!

கே: கூவம் கரையில் வளர்ந்தவன் நான். கொசுக்கடி உடம்புக்குப் பழகிவிட்டது. மலேரியா மாத்திரை வேறு வேண்டுமா?
(சிந்தாதிரிப்பேட்டை)

ப: பழகியது அரிப்பு மட்டும்தான், நோய் அல்ல. அங்கே இருப்பது ஃபால்சிபாரம், மலேரியாவில் மகா கொடியது. எந்தத் தடுப்பு மாத்திரை என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். டாக்ஸிசைக்ளின் தந்தால் கிளம்பும் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் நாலு வாரம் தினம் விழுங்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசு இரவில் கடிக்கும். முழுக்கைச் சட்டை, மருந்து தோய்த்த வலை, தோலில் தடவும் களிம்பு, மூன்றும் வேண்டும். கொசுவுக்கு ஷிஃப்ட் உண்டு, உங்களுக்கு லீவு கிடையாது.

கே: பாட்டில் தண்ணீர்தான் குடிப்பேன். ஜூஸில் ஐஸ் போட்டால் தப்பா?
(விற்பனைப் பிரதிநிதி, கோவை)

ப: ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று கேட்டீர்களா? குளிரில் கிருமி சாகாது, தூங்கும். உங்கள் வயிற்றில் வந்து எழுந்திருக்கும். பல் தேய்க்கவும் சுத்தமான தண்ணீரே எடுங்கள்.

கே: அதையும் மீறி வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்?
(அதே ஆள், அதே கோவை)

ப: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். 1971-இல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பு, சர்க்கரைக் கரைசலை வைத்தே காலரா நோயாளிகள் பலரைக் காப்பாற்றினார். ரத்தம் போனாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ டாக்டரிடம் ஓடுங்கள்.

கே: எபோலா காற்றில் பரவுமா? நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது.
(நர்ஸ், நாகர்கோவில்)

ப: இல்லை தாயே. நோயாளியின் ரத்தம், வாந்தி, வியர்வை, இறந்தவர் உடல், இவற்றைத் தொட்டால்தான் ஆபத்து. காட்டு விலங்கு இறைச்சியும் வேண்டாம். 1976-இல் யாம்புக்கு என்ற கிராமத்தில் கையுறைகூட இல்லாமல் நோயாளிகளின் ரத்தம் எடுத்தவர் காங்கோவின் டாக்டர் முயெம்பே. சோப்புப் போட்டுக் கை கழுவினார், பிழைத்தார். அதிர்ஷ்டத்தை நம்பாதீர்கள், சோப்பை நம்புங்கள். நர்ஸாகவே போனால் கையுறையும் கூட!

கே: தாலிச் சங்கிலியைக் கழற்ற மனசு வரவில்லை. போட்டுக்கொண்டே போகலாமா?
(இல்லத்தரசி, கும்பகோணம்)

ப: தங்கம் லாக்கரில் இருக்கட்டும், மஞ்சள் கயிறு கழுத்தில் இருக்கட்டும். கயிற்றைப் பறிக்க எந்தத் திருடனும் வரமாட்டான். மிரட்டிக் கேட்டால் கொடுக்கக் கொஞ்சம் பணம் தனிப் பர்ஸில் வையுங்கள். பர்ஸ் போனால் வேறு வாங்கலாம்.

கே: காங்கோ ஆற்றங்கரையில் செல்ஃபி எடுக்க ஆசை.
(யூடியூபர், மதுரை)

ப: ஒரு கரையில் கின்ஷாசா, எதிர்க்கரையில் இன்னொரு நாட்டின் தலைநகர் பிராசவில். ஆறே எல்லைக்கோடு! பாலம், விமான நிலையம், ராணுவம், அரசுக் கட்டடம், எதற்கும் கேமராவைத் தூக்காதீர்கள். லைக் வருமுன் போலீஸ் வரும்.

கே: படகில் இடமே இல்லை, நின்றுகொண்டு போகலாம் என்கிறார்கள். ஏறலாமா?
(பொறியாளர், தூத்துக்குடி)

ப: கடலோரத்துக்காரர் கேட்கிற கேள்வியா இது? அளவுக்கு மீறி ஆள் ஏற்றிக் கவிழ்ந்த படகுகள் அந்த ஆறுகளில் ஏராளம். மிதவை அங்கி இல்லையா, ஏறாதீர்கள். இரவுப் பயணமா, வேண்டாம். படகை விட்டுச் சாலையில் போனாலும் காரில் பெல்ட் போடுங்கள். அடுத்த படகு வரும், அடுத்த உயிர் வராது.

கே: கணவர் கோமா நகரில் ஐ.நா. படையில் இருக்கிறார். தூக்கம் வரவில்லை ஐயா.
(ராணுவ வீரரின் மனைவி, வேலூர்)

ப: நியாயமான கவலை, அம்மா. 2002, 2021 இரண்டிலும் வெடித்த எரிமலை பக்கத்திலேயே. 2025 ஜனவரியில் ஊரை எம்23 கிளர்ச்சிப் படை பிடித்தது. ஆனால் அவரோடு படையும் ராணுவ டாக்டரும் உண்டு. வாரத்தில் பேசும் நாளையும் நேரத்தையும் பேசி வையுங்கள். வாட்ஸ்அப் வதந்தியைத் திறக்காதீர்கள். மற்றவர்களுக்கு ஒரே வரி: கோமாவுக்கு இப்போது டூர் வேண்டாம்.

கே: ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. லேசான காய்ச்சல். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடலாமா?
(திரும்பி வந்தவர், திருச்செங்கோடு)

ப: கூடாது! ஃபால்சிபாரம் ஒரு மாதம் கழித்தும் தலைதூக்கும். தூக்கினால் சில நாளிலேயே ஆளை முடித்துவிடும். இன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டாக்டரிடம் சொல்லும் முதல் வரி ‘காங்கோ போய் வந்தேன்.’ காய்ச்சலைப் பற்றி இரண்டாவது வரியில் சொல்லுங்கள். என் பதிலைப் படித்து முடித்தாயிற்றா? கிளம்புங்கள்!