ஆழம் கூடினால் அனுமதி சுலபம்

நீலகிரியின் இத்தலாரில் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் நாலு அடி மண்ணை வழித்து ஒரு தடுப்புச் சுவர் கட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜேசிபி வர வேண்டுமென்றால் ஆட்சியர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இடத்தைப் பொறுத்து ஹாக்கா எனும் மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும். கோப்பு ஒவ்வொரு துறையாகத் தீர்த்த யாத்திரை போய்த் திரும்புவதற்குள், சரிய வேண்டியது சரிந்துவிடும்.

விதியில் குறை இல்லை. 2019 ஆகஸ்டு 8 அன்று பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதைப் பார்த்தவர்கள் நாம். மலையைக் கண்டபடி சுரண்டக் கூடாதுதான். நம் கேள்வி வேறு. நாலு அடிக்கு இத்தனை கையெழுத்து என்றால், மூவாயிரம் மீட்டருக்கு எத்தனை?

மூவாயிரம் மீட்டர் என்றால் சாதாரணமில்லை. 2,637 மீட்டர் தொட்டபெட்டாவைத் தலைகீழாகக் கவிழ்த்து இறக்கினாலும் அடி தட்டாது. அத்தனை ஆழம் தோண்ட ஊர்க்காரரை ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. 2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அப்படித்தான் அறிவித்தது. எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகள் 'ஏ' பிரிவிலிருந்து 'பி2'வுக்கு இறக்கப்பட்டன. பி2 என்றால் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டாம். மக்கள் கருத்துக் கேட்பும் வேண்டாம். தடுப்புச் சுவர் மனுவில் இனி 'எண்ணெய் ஆய்வு' என்று எழுதிக் கொடுத்தால் என்ன?

"வெறும் ஆய்வுதானே" என்கிறார்கள். துளைக்கிற இரும்புக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? ஆய்வுக் கிணறும் நிலத்தடி நீரைத் தாண்டித்தான் கீழே போகிறது. அதே பென்டோனைட் சேறு, அதே பாரைட், அதே இரும்புக் குழாய். குழாய்க்கும் பாறைக்கும் நடுவே செலுத்துகிற சிமென்ட்தான் கீழே உள்ள வாயு மேலே உள்ள தண்ணீருக்கு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்ரோலியப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாக அந்தச் சிமென்ட்டைப் பற்றித்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஏன் சுருங்குகிறது, எங்கே விரிசல் விடுகிறது, இறுகுவதற்குள் வாயு எப்படிப் புகுந்து ஏறுகிறது என்று கட்டுரை கட்டுரையாக எழுதுகிறார்கள். ஆராய்ச்சியாளருக்குச் சந்தேகம் இன்னும் தீரவில்லை. அமைச்சகத்துக்குச் சந்தேகமே வரவில்லை.

அறிவிக்கை வந்த அதே ஆண்டு மே 27 அன்று அசாமின் பாக்ஜானில் ஆயில் இந்தியாவின் கிணறு கட்டுமீறிப் பீறிட்டது. அது ஆய்வுக் கிணறு அல்ல, உற்பத்திக் கிணறு. பழகிய கிணறே அப்படி. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் செத்தார்கள். கிணறு அடங்கியது நவம்பரில்.

இத்தலார்க்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நம் காலடியில் இருப்பது சார்னோகைட் பாறை. எண்ணெய் தேடி எவரும் வர மாட்டார்கள். பாறைக்கு நன்றி. ஆனால் நம் பக்கத்து மழை குந்தாவில் விழுந்து, பில்லூர் தாண்டி, பவானியாகி, கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. நாம் அனுப்பும் தண்ணீர் போய்ச் சேரும் டெல்டா வயலில்தான் துளை போடுகிறார்கள்.

அந்த வயலில் என்ன நடந்தது? 2017 ஜூன் 30. கதிராமங்கலம். குழாய் உடைந்து எண்ணெய் நிலத்தில் ஓடியது. ஆட்சியர் நேரில் வரட்டும் என்று ஊர் உட்கார்ந்தது. தடியடிதான் வந்தது. கசிந்தது ஓஎன்ஜிசியின் குழாய். சிறைக்குப் போனவர்கள் போராடியவர்கள்.

சென்னை சும்மா இருக்குமா? டெல்டாவில் மீத்தேன் எடுக்க 2011 ஜனவரியில் திமுக ஆட்சி ஒப்பந்தம் போட்டது. பிறகு அதே திமுக எதிர்த்தது. கதிராமங்கலத்தில் தடியைத் தூக்கிய அதிமுக ஆட்சி, 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டுச் சால்வை வாங்கிக்கொண்டது. ஏற்கெனவே ஓடும் கிணறுகளை அந்தச் சட்டம் தொடாது. நோயாளியை விட்டுவிட்டு மற்றவர்களுக்கெல்லாம் மருந்து! ராமநாதபுரமோ அதன் எல்லைக்குள்ளேயே இல்லை.

ஆகவே 2025 மார்ச்சில் அங்கே 20 ஆய்வுக் கிணறுகளுக்கு அனுமதி கிடைத்தது. கொடுத்தது மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். இருப்பிடம் சைதாப்பேட்டை. ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்து ஊர் கொதித்ததும், ஒருபோதும் அனுமதிக்க மாட்டோம், அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டோம் என்றது மாநில அரசு. சைதாப்பேட்டைக்கும் கோட்டைக்கும் எவ்வளவு தூரம்? ஐந்து மாதம்.

கேட்டால் தற்சார்பு என்பார்கள். 2015 மார்ச்சில் பிரதமர் இலக்கு வைத்தார்: 77 சதவீதமாக இருக்கும் எண்ணெய் இறக்குமதிச் சார்பை 2022க்குள் 10 சதவீதம் குறைப்போம். 2022 வந்தது. சார்பு 85ஐத் தாண்டியது. தோண்டத் தோண்ட இறக்குமதிதான் ஊறியது. இலக்கு தவறியதற்காக யாரும் மனு எழுதிக்கொண்டு எந்த அலுவலக வாசலிலும் நிற்கவில்லை. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பி அனுப்பும் அரசுதான் இது. கிணறு தோண்ட நம் வயல் வேண்டும், நாட்டுக்காக. பங்க்கில் போய் விலை ஏன் இப்படி என்று கேட்டால் மட்டும் சர்வதேசச் சந்தையைக் கைகாட்டுவார்கள்.