வாழ்க எம் மௌனகுரு

தட்சிணாமூர்த்தி கல்லால மரத்தடியில் வாய் திறவாமலே சனகர் முதலிய நால்வருக்கு ஞானம் அருளினார் என்பார்கள். அமெரிக்காவில் டிராவல் நர்ஸாக ஊர் ஊராகப் பிழைக்கும் எங்களுக்கும் அப்படியொருவர் வாய்த்திருக்கிறார். நர்ஸ்களை மருத்துவமனைகளுக்கு அனுப்பும் ஏஜென்சியின் ஆள், ரெக்ரூட்டர் என்று பெயர். தட்சிணாமூர்த்திக்கு இல்லாத ஒரு சிறப்பும் இவருக்கு உண்டு. ஒப்பந்தத்தில் நாம் கையெழுத்துப் போடும்வரை பேசுவார்.

அந்தப் பேச்சைக் கேட்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். 13 வார ஒப்பந்தம், வாரம் 36 மணி நேரம், 12 மணி நேர ஷிஃப்ட் மூன்று என்று தேன் ஒழுகச் சொல்வார். மணிக்கூலியைத் தாழ்த்தி, வாடகைக்கும் சாப்பாட்டுக்குமான வரியில்லாத படியை உயர்த்தி அவர் காட்டும் கணக்கு, எனக்காகவே இரவெல்லாம் விழித்திருந்து போட்டதாகத் தோன்றும். நடுவில், நாகர்கோவிலில் அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா என்பார். என் கூடப்பிறந்த அண்ணன்கூட அம்மாவின் மூட்டைப் பற்றி இத்தனை தடவை விசாரித்ததில்லை.

சுறுசுறுப்பைச் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும். இதய அவசர சிகிச்சைப் பயிற்சிக்கான ஏசிஎல்எஸ் அட்டை, காசநோய்ப் பரிசோதனை, அம்மைத் தடுப்புக்கான ரத்தப் பரிசோதனை, என்95 முகக்கவசம் சரியாகப் பொருந்துகிறதென்ற சான்று எல்லாம் இன்று மாலைக்குள் வேண்டும் என்பார். போன ஒப்பந்தத்துக்குக் கொடுத்தவைதான். ஆனாலும் புதிதாக, நம் கையாலேயே அனுப்பினால்தான் அவருக்கு மனம் நிறையும். நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் படுத்தவளை, பத்து மணிக்குள் மூன்று மெசேஜ் போட்டு எழுப்பிவிடுவார். பகலில் தூங்கினால் உடம்புக்கு ஆகாது என்ற அக்கறை.

கையெழுத்து விழுந்தது. மௌன விரதம் தொடங்கியது.

கலிஃபோர்னியாவில் ஒரு மருத்துவமனை ஐசியூ. அங்கே இரண்டு நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருந்தாக வேண்டும். அந்த மாநிலத்தில் 2004 முதல் நர்ஸ் விகிதச் சட்டம் பொது வார்டுகளுக்கும் சேர்த்து நடைமுறையில் இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் கட்டில் காலியானால் நர்ஸும் உபரி. அப்போது ‘இன்றைக்கு வர வேண்டாம்’ என்ற போன் பெரும்பாலும் டிராவலருக்குத்தான் முதலில் வரும். நிரந்தர ஊழியரை வீட்டுக்கு அனுப்பினால் நாளைக்கும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கும் வந்தது. வாரக் கடைசியில் பார்த்தால், வேலை பார்க்காத மணிக்குச் சம்பளம் இல்லை. சரி, போகட்டும். வாடகைப் படியிலும் அந்த மணிக்கேற்பக் கழித்திருந்தார்கள். வீட்டுக்காரரிடம் ‘நேற்று ஐசியூவில் கட்டில் காலி, அதனால் நேற்றைய வாடகையைக் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிப் பார்க்கலாம் என்பது ஏஜென்சியின் யோசனை போலும்.

‘36 மணி நேரம் கியாரண்டி’ என்று சொன்னவர் ஆயிற்றே என்று ரெக்ரூட்டரை அழைத்தேன். மணி அடித்தது. வாய்ஸ்மெயில் பெட்டி நிரம்பிவிட்டது என்றது குரல். எத்தனை நர்ஸ்கள் அவரைத் தேடியிருந்தால் பெட்டி நிரம்பியிருக்கும்! அந்த மக்கள் செல்வாக்கைக் கண்டு மெய்சிலிர்த்தேன். மெசேஜ் அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. மின்னஞ்சலுக்கு வந்தது: அலுவலகத்தில் இல்லை, விரைவில் தொடர்புகொள்கிறேன் என்று இயந்திரம் அனுப்பும் கடிதம். அவர் ஏஜென்சியில் எனக்கு ஒழுங்காகப் பதில் எழுதியது அந்த இயந்திரம் மட்டுமே.

அவர் பேசியிருந்தால் நான் என்னத்தைக் கற்றிருப்பேன்? மௌனம்தான் ஒப்பந்தத்தை வரி வரியாகப் புரட்ட வைத்தது. போனில் கேட்ட ‘கியாரண்டி’, தாளில் ‘இரண்டு வாரத்துக்கு ஒரு ஷிஃப்டை மருத்துவமனை ரத்து செய்யலாம்’ என்று படுத்துக் கிடந்தது. சம்பளப் பிரிவின் நேரடி எண்ணைத் தேடிப் பிடிக்கவும், டைம்ஷீட்டைப் படம் எடுத்து வைக்கவும் பழகினேன். நான் உழைக்கும் ஒவ்வொரு மணிக்கும் மருத்துவமனை ஏஜென்சிக்கு ஒரு தொகை தருகிறது, அதில் அவர்கள் பங்கு போகத்தான் எனக்கு என்பதும் தெளிந்தது. ரெக்ரூட்டரின் கமிஷனும் பல ஏஜென்சிகளில் அந்த மணிகளைப் பொறுத்ததுதான். அப்படியென்றால் என் ஷிஃப்ட் போனபோது அவருக்கும் நஷ்டம் வந்திருக்கும். அப்போதும் சலனமில்லாமல் இருந்தாரே, இமயமலைக்குப் போனவர்களுக்குக்கூட இந்தப் பற்றின்மை வருமா?

2020, 2021இல் கோவிட் வார்டுகளுக்கு ஆள் கிடைக்காமல் தவித்த காலத்தில் ரெக்ரூட்டர்களெல்லாம் முதல் மணியிலேயே போனை எடுத்தார்கள் என்று சீனியர்கள் சொல்வார்கள். 2022இல் ஊதியம் இறங்கியது, குரலும் இறங்கிவிட்டது. இன்றைக்கும் அன்றன்றே பதில் போடும் ரெக்ரூட்டர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் மாட்டிக்கொண்ட தோழிகளை நினைத்தால் பரிதாபம்தான். சம்பளப் பிரிவின் எண்கூடத் தெரியாமல் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

பத்தாவது வாரம் வாக்கில் விரதம் தானே கலைந்தது. ‘ஹாய்! இன்னும் 13 வாரம் நீட்டிக்கலாமா?’ பக்கத்தில் ஒரு சூரியகாந்திப் பூ. அம்மாவின் மூட்டு எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருந்தார். கழித்த படியைப் பற்றிக் கேட்டேன். பூ வாடிவிட்டது.

ஒரே மருத்துவமனையின் ஒரே வேலையைப் பல ஏஜென்சிகள் போடுகின்றன, எந்த ரெக்ரூட்டரிடம் போவது என்பது நம் கையில். ஆகவே புதிதாக டிராவலுக்கு வரும் தங்கைகளுக்கு எங்கள் குருநாதரைத் தேடிக் கண்டுபிடிக்க ஆசையிருந்தால் வழி சொல்கிறேன். கையெழுத்துப் போடும் முன், உறுதியான மணி நேரம் எவ்வளவு, ரத்து செய்தால் யார் பொறுப்பு, படியில் பிடித்தம் உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதோடு அவர் பேச்சு நின்றுவிட்டால், சந்தேகமே வேண்டாம், அவரேதான்.