பொருள்: நுங்கு வண்டி ஒன்று சமர்ப்பித்தல் தொடர்பாக

அனுப்புநர்:
ஏழாம் வகுப்பு 'சி' பிரிவு மாணவிக்கும் மூன்றாம் வகுப்பு 'ஏ' பிரிவு மாணவனுக்கும் தகப்பன்,
பல்லாவரம்.

பெறுநர்:
உயர்திரு தாளாளர் அவர்கள்,
(பள்ளியின் பெயரை எழுதினால் அடுத்த ஆண்டு சீட்டு சிக்கலாகும் என்று மனைவி எச்சரித்ததால் விடப்பட்டுள்ளது.)

பொருள்: கோடை விடுமுறை – குறைந்த செலவில் குடும்ப மகிழ்ச்சி – ஆல்பமும் நுங்கு வண்டி ஒன்றும் சமர்ப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: கடைசி வேலை நாளன்று இரவு 9.47 மணிக்குத் தங்கள் செயலியில் வந்த சுற்றறிக்கை.

ஐயா,

பார்வையில் கண்ட சுற்றறிக்கையின் தலைப்பு 'ஸ்பிரிங் பிரேக் ஸ்பெஷல்' என்று இருந்தது. முதலில் சிரித்துவிட்டேன். கத்திரி தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதே எங்கள் தெருவில் தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிறது, இதில் எங்கிருந்து ஐயா வசந்தம் என்று. மகள்தான் தன் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினாள். ஆறு பெரும்பொழுதுகளில் சித்திரையும் வைகாசியும் இளவேனிலாம். ஆக, இலக்கணப்படி தாங்கள் சொன்னதே சரி. தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதம் போடும் வளாகத்திலிருந்து இத்தனை சுத்தமான தமிழ் மரபு வெளிப்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மன்னிக்கவும்.

'அஃபோர்டபிள் ஃபேமிலி ஃபன்' என்ற தலைப்பில் பத்து யோசனைகள் தந்திருந்தீர்கள். முதலாவது தீம் பார்க். நாலு பேருக்கு நுழைவுச்சீட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தேன். மூன்றாவது, 'மலைவாசஸ்தலத்துக்கு ஒரு சின்ன டிரிப்'. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இப்போது நினைத்த மாத்திரத்தில் கிளம்பிவிட முடியாது என்பது தங்கள் கவனத்துக்கு வரவில்லை போலும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் கட்டினார்கள். தங்கள் பள்ளியில் எல்.கே.ஜி. சீட்டு வாங்கிய அனுபவம் எனக்கு இருப்பதால் இந்த வரிசையொன்றும் பெரிதாகத் தெரியவில்லை. தங்கும் அறையின் வாடகைதான் தெரிந்தது.

ஏழாவது யோசனை, தங்கள் வளாகத்திலேயே நடக்கும் ரோபோடிக்ஸ் முகாம். பத்து நாள், 'ரூ. 7,500 மட்டும்'. காசோலையில் யாரும் திருத்திவிடாமல் இருக்க எழுதும் சொல் அந்த 'மட்டும்'. தங்கள் சுற்றறிக்கையில் அது ஆறுதல் சொல்லும் வேலை பார்க்கிறது. டி-ஷர்ட் உட்பட என்றும் போட்டிருந்தது. கோடையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித் துறை ஆண்டுதோறும் அறிவுறுத்துவதைத் தாங்கள் மதித்து நடப்பதற்கு அந்த டி-ஷர்ட்டே சாட்சி. சீருடையில் வந்தால்தானே அது வகுப்பு.

இவ்வளவும் கண்ணில் பட்டு மறைந்திருக்கும். கடைசி வரிதான் என்னை உட்கார வைத்தது. வாரம் ஒரு குடும்பச் செயல்பாடு, அதற்கு வண்ணப் புகைப்படம், ஆல்பமாகத் தைத்து, பள்ளி திறக்கும் அன்று ஒப்படைக்க வேண்டும், மதிப்பெண் உண்டு. அதாவது விடுமுறை பிள்ளைகளுக்கு, வீட்டுப்பாடம் எங்களுக்கு. அதைச் செய்து முடித்த அறிக்கையே இந்தக் கடிதம்.

முதல் வாரம் கோட்டூர்புரம் போனோம், அண்ணா நூற்றாண்டு நூலகம். பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் ஐந்து ரூபாய் டிக்கெட். ரயிலை விட்டு இறங்கியதும் சாதாரணக் கட்டணப் பேருந்து. 2021-லிருந்து அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் எங்கள் வீட்டில் பாதிப் பேர் இலவசம். நடத்துநர் கொடுத்த கட்டணமில்லாப் பயணச்சீட்டை மகள் தம்பியின் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டியதில் நிறுத்தம் வரும்வரை சண்டை. இந்தச் செயல்பாட்டைத் தங்கள் பட்டியலில் எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

2010-ல் திறந்த நூலகம் அது. அடுத்த ஆண்டே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அரசு அறிவித்து, உயர் நீதிமன்றம் தடை போட்டுக் காப்பாற்றியது. அதனால் இன்றைக்கு என் மகன் அங்கே ஊசி போட்டுக்கொள்ளாமல் படக்கதை வாசிக்க முடிகிறது. முதல் மாடியில் சிறுவர் பகுதி, நடுவில் ஒரு செயற்கை மரம். அதனடியில் கால் நீட்டி உட்கார்ந்தவன் இரண்டு மணி நேரம் எழவில்லை. நான் ஏ.சி.யில் தூங்கிவிட்டேன். நுழைவுக் கட்டணம் கிடையாது. போக வர டிக்கெட், டீ, சமோசா எல்லாமாக நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்தது. ஆனால் யாரும் புகைப்படம் எடுக்க நினைக்கவில்லை. அதனால் தங்கள் விதிப்படி நாங்கள் அங்கே போகவே இல்லை.

இரண்டாம் வாரம் பாடம் கற்றுக்கொண்டு, எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூட்டின் முன்னால் நால்வரும் நின்று எடுத்துக்கொண்டோம். ஆல்பத்தின் இரண்டாம் பக்கம். (மற்ற பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள்: அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை, வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய். விடுமுறையில் போகிற இடத்துக்கும் விடுமுறை உண்டு.) 1851-ல் தொடங்கிய இடம் என்று பலகையைப் படித்துச் சொன்னேன். 'அப்போ இந்தத் திமிங்கலம் செத்துப் போய் இன்னும் பள்ளிக்கூடத்துலயே இருக்கா?' என்றான் மகன். அவன் மனத்தில் கண்ணாடி அலமாரி உள்ள இடமெல்லாம் பள்ளிக்கூடம்.

இங்கே ஒரு கணக்கைத் தங்கள் முன் வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு விடுமுறை நாற்பது நாள் சொச்சம். எனக்கு ஆண்டுக்குத் தற்செயல் விடுப்பு பன்னிரண்டு. அதில் தங்கள் பள்ளியின் பெற்றோர் கூட்டங்களுக்கும், ஆண்டு விழாவுக்கும், கட்டண வரிசைக்கும் ஏற்கெனவே ஐந்து போய்விட்டது. மனைவி துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு விடுப்பு என்றால் அன்றைய சம்பளம் போச்சு. 'குறைந்த செலவு' என்று தாங்கள் எழுதும்போது ரூபாயை மட்டும் எண்ணுகிறீர்கள். ஐந்து ரூபாய் டிக்கெட்டில் போய்விடலாம் ஐயா. கூட்டிக்கொண்டு போக ஆள்தான் இல்லை.

அந்த ஆள் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். என் மாமியார், பிள்ளைகளுக்கு ஆயா. மூன்றாவது வாரம் செங்கல்பட்டு வரை ரயில், பிறகு பேருந்து என்று இருவரையும் அழைத்துப் போய் அவரிடம் ஒப்படைத்தேன்.

போகும் வழியில் உத்திரமேரூரில் இறங்கி வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைக் காட்டினேன். ஏழாம் வகுப்பு அல்லவா, குடவோலை என்று எத்தனை மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்திருப்பாள்! முதலாம் பராந்தகன் காலத்து எழுத்து, ஆயிரத்து நூறு ஆண்டுப் பழசு. ஊர் நிர்வாக வாரியத்துக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். முப்பத்தைந்து வயதுக்குக் கீழே கூடாது, எழுபதுக்கு மேலே கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது. அவன் மட்டுமல்ல, அவன் சொந்தக்காரர்களும் கூடாது. மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'அப்போ நம்ம ஸ்கூல்ல ஸ்மார்ட் கிளாஸ் ஃபீஸ்?' என்றாள். கோயிலில் சத்தமாகப் பேசக் கூடாது என்று சொல்லி வெளியே கூட்டி வந்துவிட்டேன். தங்கள் சகோதரர் செயலாளராகவும் தங்கள் மருமகன் பொருளாளராகவும் இருப்பது அவளுக்குத் தெரியாது. பெற்றோர் ஆசிரியர் கழகச் சுற்றுலாவுக்கு மட்டும் அந்த ஊரைத் தயவுசெய்து தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஆயா வீட்டில் தாங்கள் கேட்ட மாதிரி 'ஆக்டிவிட்டி' எதுவும் இல்லை. வத்தல் போடும் வேலை இருந்தது. விடிகாலையில் மொட்டை மாடியில் பழைய வேட்டியை நனைத்து விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, ஆயா கூழை முறுக்கு அச்சில் பிழிந்துகொண்டே போவார். பிள்ளைகளுக்கு உத்தியோகம் காக்காய் ஓட்டுவது. கறுப்புக் குடையும் ஒரு கழியும் கொடுத்து உட்கார்த்தினார். பத்து மணிக்குள் வேட்டியின் ஓரத்தில் இரண்டு வரிசை காணாமல் போனது. காக்காயின் மேல் பழி விழுந்தது. பாதி காய்ந்த வத்தலின் மேல் மொறுமொறுப்பும் உள்ளே குழைவும் தெரிந்தவர்களுக்குக் காக்காய் குற்றமற்றது என்பது விளங்கும். மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாகக் கிழியாமல் உரித்தெடுப்பது மகள் வேலை. தங்கள் முகாமில் இதற்கு 'ஃபைன் மோட்டார் ஸ்கில்ஸ்' என்று பெயர் வைத்து இரண்டாயிரம் வாங்கலாம்.

இணைப்பில் உள்ள வண்டிக்கு வருகிறேன். இரண்டு நுங்குக் காயைச் சீவி, ஒவ்வொன்றிலும் மூன்று கண்ணையும் கட்டை விரலால் நோண்டி உறிஞ்சித் தின்று முடித்தான் மகன். சட்டையெல்லாம் நுங்குத் தண்ணீர். காலிக் காய் இரண்டையும் ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகினால் சக்கரம் தயார். நுனி கவையாகப் பிரிந்த நீளக் கழியால் நடுக் குச்சியைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். வண்டி தானாக இடப்பக்கம் இழுத்தது. ஒரு காய் பெரிது, ஒன்று சிறிது என்பதை அவனே கண்டுபிடித்து, வேறு காய் வாங்கித் தரச் சொல்லி, அதையும் தின்று, மாற்றிப் போட்டான். பேட்டரி இல்லை. மூலப்பொருள் வயிற்றுக்குள் போய்விட்டது. ரோபோடிக்ஸ் முகாமில் சேராத குறைக்கு இதை ஏற்றுக்கொள்ளக் கோருகிறேன். பள்ளி திறப்பதற்குள் சக்கரம் வாடிச் சுருங்கிவிட்டது. வாசனை சற்று இருக்கும்.

ஆல்பம்தான் எங்களைச் சாய்த்துவிட்டது. புகைப்படக் கடையில் வண்ணப் பிரதி, கெட்டி அட்டை, மினுமினுப் பேனா, ஸ்பைரல் கட்டு, எல்லாம் சேர்ந்து ரூ. 410 மட்டும். (எனக்கும் அந்தச் சொல் பழகிவிட்டது.) நூலகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் நாலு பேரும் போய் வந்த செலவு இதைவிடக் குறைவு. நூலகப் பக்கத்தில் மட்டும் புகைப்படம் இல்லை. மகன் ஞாபகத்திலிருந்து அந்த மரத்தை வரைந்திருக்கிறான், அடியில் நான் வாயைத் திறந்து தூங்குவது உட்பட. புகைப்படத்துக்குப் பதிலாக அதை ஏற்கலாமா என்பதை வகுப்பாசிரியை முடிவு செய்யட்டும்.

ஆல்பத்தின் கடைசித் தாளில் தாங்கள் அச்சடித்துத் தந்த படிவம் இருக்கிறது. 'செயல்பாட்டை நடத்தியவர் பெயர், கல்வித் தகுதி' என்ற கட்டத்தை நிரப்பாமல் போனால் மதிப்பெண் குறையும் என்றாள் மகள். பிள்ளைகளைத் திரும்ப அழைக்கப் போன அன்று ஆயாவிடமே பேனாவைக் கொடுத்தோம். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து, பெரிய பெரிய எழுத்தில் பெயரை எழுதினார். தகுதி என்ன போடுவது என்று கேட்டதற்கு, 'அஞ்சாவதுன்னு போட்டுக்க. அதோட நிறுத்திட்டாங்க. தம்பியப் பாத்துக்க ஆளில்லன்னு' என்றார். கட்டத்தில் அவ்வளவுக்கு இடமில்லை. 'ஐந்தாம் வகுப்பு' என்று மட்டும் எழுதியிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரு பிள்ளைகளின் தகப்பன்.

இணைப்பு: ஆல்பம் 1, நுங்கு வண்டி 1 (கவைக்கழியுடன்), வத்தல் ஒரு டப்பா, வகுப்பாசிரியைக்கு. டப்பாவைத் திருப்பி அனுப்பவும், ஆயாவுடையது.