அம்பறாத்தூணிக்காரன்

எங்கள் சபைக்குப் புதிதாக வரும் ஊழியர்களிடம் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் என் பேரைச் சொல்வதில்லை. "இவங்களுக்கு ஆறு பிள்ளைங்க" என்பார்கள். வந்தவர் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்ப்பார். அப்புறம் சுதாரித்துக்கொண்டு 127ஆம் சங்கீதத்துக்குப் போய்விடுவார். பிள்ளைகளை அம்புகளுக்கு ஒப்பிடும் சங்கீதம் அது. அம்பறாத்தூணி நிறைய வைத்திருக்கிறவன் கொடுத்துவைத்தவன் என்பது அதன் சாரம். நானும் அத்தனை அம்பையும் ராத்திரி பகலாக உட்கார்ந்து சீவியவன் மாதிரி தலையைத் தாழ்த்தி "ஸ்தோத்திரம்" என்பேன்.

அந்தச் சங்கீதத்தின் தலைப்பில் சாலொமோன் பேர் இருக்கிறது. 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள் என்று கணக்கு உள்ள மனிதர். ஸ்கூல் ஃபீஸ் கட்ட வரிசையில் நின்றிருக்க வாய்ப்பில்லை. அவருடைய மகன்களில் வேதம் பேர் சொல்வது ரெகொபெயாம் ஒருவனைத்தான். அவனும் பட்டத்துக்கு வந்த வேகத்தில் பன்னிரண்டு கோத்திரத்தில் பத்தைக் கோட்டை விட்டவன். இதை நான் சபையில் யாரிடமும் சொன்னதில்லை. பாளையங்கோட்டையில் சில ஆராய்ச்சிகளை மொட்டைமாடியோடு வைத்துக்கொள்வது நல்லது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்கிறது. எங்கள் வீட்டை விட்டுவிட்டுக் கணக்கெடுத்திருப்பார்களோ என்று சந்தேகம். தலைகீழ்ச் சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' வாசகமும் எழுதிய சுவரில் சைக்கிளைச் சாத்திவைத்துப் பள்ளிக்கூடம் போனவன்தான் நானும். என் அப்பாவோடு பிறந்தவர்கள் எட்டுப் பேர். அதை யாரும் விசுவாசத்தின் அடையாளம் என்று சொன்னதில்லை. எல்லார் வீடும் அப்படித்தான் இருந்தது.

மூத்தது மூன்றும் பெண், நாலாவது பையன். "ஆம்பளப் பிள்ளைக்காகத்தான?" என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு "கர்த்தருடைய சித்தம்" என்றேன். மூன்றாவது பெண் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் முகம் எப்படி இருந்தது என்பது என் மாமியாருக்குத் தெரியும். இன்றுவரை அவர் வாய் திறக்காதது பெருந்தன்மை. பையனுக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் வந்தது எனக்குப் பெரிய உபகாரம். "பையனுக்காக இல்லை, பார்த்தீர்களா" என்று காட்ட ஆதாரம் கிடைத்தது. இதிலெல்லாம் மனைவியின் சம்மதத்தைக் கேட்டாயா என்றால், கேட்டதாகத்தான் எனக்கு ஞாபகம். அவளுடைய ஞாபகம் வேறு.

நான் அஞ்சல் துறையில் குமாஸ்தா. மத்திய அரசு ஊழியருக்குப் பிள்ளைகளின் கல்விப்படி மூத்த இரண்டு பேருக்குத்தான். "நான் கவர்மெண்டுக்குத் தெரியாத பிள்ளை" என்று என் பையன் பெருமையாகவே சொல்லித் திரிகிறான். குழந்தை பிறந்தால் அப்பாவுக்கு உண்டான 15 நாள் லீவும் இரண்டு பிள்ளை வரைக்கும்தான். கல்விப்படியில் கையைக் கடித்த விதி, லீவு விஷயத்தில் என்னைக் காப்பாற்றியது. மூன்றாவதிலிருந்து, "லீவு இல்லையே, நான் என்ன செய்ய" என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் காலை எட்டரைக்கே கிளம்பிவிடுவேன். ஈட்டிய விடுப்பு ஏகப்பட்டது சேர்ந்து கிடந்ததை வீட்டில் சொல்லவில்லை. அப்பன்காரன் பீத்துணி அலசினால் கடவுளும் தேவதூதர்களும் பார்த்து மகிழ்வார்கள் என்கிற பொருளில் மார்ட்டின் லூத்தர் 1522இலேயே எழுதிவைத்துவிட்டார். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை தேவதூதர்களுக்கு அந்தச் சந்தோஷத்தை நான் அதிகம் கொடுக்கவில்லை.

ரயில்வேக்காரர்களுக்கும் எங்களைப் பிடிக்காது. ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்குமேல் போட முடியாது, நாங்கள் எட்டு. நெல்லை எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் எடுத்தால் இரண்டு பெட்டி. சாப்பாட்டுக் கூடை இருக்கிற பெட்டி எது என்று பார்த்து ஏறுகிறவன் நான்.

பிள்ளைகளுக்குச் செய்ததில் நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது குடும்ப ஜெபம். ராத்திரி எட்டு மணி. ஒரு பாமாலை, ஒரு அதிகாரம், கடைக்குட்டியிலிருந்து ஆரம்பித்து ஆளுக்கொரு சின்ன ஜெபம், கடைசியில் நான். என்னுடையது சின்னது இல்லை. நேராகச் சொன்னால் எதிர்த்துப் பேசுவார்கள் என்று தெரிந்த விஷயங்களை எல்லாம் அங்கேதான் சொல்வேன். "ஆண்டவரே, காலாண்டுத் தேர்வில் கணக்கில் 34 எடுத்த உம்முடைய பிள்ளைக்கு ஞானத்தைக் கட்டளையிடும். செல்போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கிறவர்களை நீர் அறிவீர்." கண்ணை மூடியிருக்கிறவர்களைத் திட்டுவதில் ஒரு வசதி, யாரும் முறைக்க முடியாது. அடுக்களையில் சாம்பார் ஆறிக்கொண்டிருக்கும். மனைவி மெல்ல எழுந்து போய் அப்பளம் பொரித்துவிட்டு வந்து மறுபடி முழங்கால் போடுவாள். நான் அப்போதும் செல்போனிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

ஒருநாள் மூன்றாவது பெண் தன் முறை வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஆண்டவரே, வண்டி ஓட்டும்போது போன் பேசாம இருக்க எங்க அப்பாவுக்குக் கிருபை தாரும். லட்டு சாப்பிட்டுட்டு அம்மாகிட்ட சாப்பிடலன்னு சொல்லாம இருக்கவும் கிருபை தாரும்." அதற்கு விழுந்த ஆமென் மாதிரி ஓர் ஆமென் எங்கள் வீட்டில் அதற்குமுன் விழுந்ததில்லை. அதில் ஒரு குரல் பெரிய ஆளுடையது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஜெபத்தில் மிஷனரிகளும் மழையும் மட்டும்தான்.

அந்த மூன்றாவதைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். கிறிஸ்மஸுக்கு ஒரே துணியில் அளவாக வெட்டி வாங்கி, பெண்களுக்குப் பாவாடை சட்டை, பையன்களுக்குச் சட்டை என்று தைத்துவிடுவது வழக்கம். வரிசையாகக் கோயிலுக்குள் போனால் பாடகர் குழுவோ என்று தள்ளி உட்கார்ந்து இடம் விடுவார்கள். எனக்கு அது பிடிக்கும். அந்த ஒரு உடுப்பு நீங்கலாக வருஷம் முழுக்க அவளுக்கு வந்தது மூத்தவளிடமிருந்து இரண்டாமவளுக்குப் போய், அங்கேயிருந்து மடிப்பு அவிழ்த்து இறங்கியதுதான். ஒரு பிறந்தநாளைக்கு ஆசையாகப் பச்சையில் ஒரு சுடிதார் வாங்கி வந்தேன். விலைச்சீட்டுகூடக் கழற்றவில்லை. வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது யாரோடதுப்பா?" என்றாள். நான் கடைக்காரன் கொடுத்த மஞ்சப்பையை ரொம்ப நேரம் மடித்துக்கொண்டிருந்தேன்.

அசனத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த கதை ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு: எங்கள் பக்கத்துக் கோயில்களில் அசனம் என்றால் ஊரே பந்தி. காணிக்கையாக வந்த அரிசியும் ஆடும் பெரிய பெரிய வட்டகைகளில் சோறும் கறிக்குழம்புமாக மாறும். முதல் பந்தியில் உட்கார்ந்து எழுந்து, கை கழுவி, வெற்றிலைக்கு ஆள் தேடி, சொந்தக்காரர் ஒருவரின் வேனில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஏறும்போது நான்தான் எண்ணினேன். ஆறு சரியாக வந்தது. பாளையங்கோட்டை வந்து இறங்கும்போதும் ஆறு. அதில் ஒன்று என் மச்சினன் மகன். எங்கள் ஐந்தாவது, கிராமத்துக் கோயில் மணிக்கூண்டுக்குக் கீழே உட்கார்ந்து இரண்டாவது பந்தி கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உபதேசியார் போன் பண்ணிச் சொன்ன பிறகுதான் தெரியும்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு போகும்போது சும்மா இருந்திருக்கலாம். "லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் யோசேப்பும் மரியாளும் பன்னிரண்டு வயது இயேசுவையே எருசலேமில் விட்டுவிட்டு ஒருநாள் பயணம் வந்துவிட்டார்கள்" என்று ஆரம்பித்தேன். மனைவி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "அவங்க திரும்பிப் போய் மூணாம் நாள் வரைக்கும் தேடுனாங்க. நீங்க தேடவே இல்லியே."

நான் விடவில்லை. வெஸ்லி வீட்டுக்குப் போனேன். 1709இல் இங்கிலாந்தில் எப்வொர்த் ஊர்ப் போதகர் வீடு தீப்பிடித்தபோது அத்தனை பிள்ளைகளையும் வெளியே கொண்டுவந்தவர்கள் ஐந்து வயது ஜானை மாடியில் விட்டுவிட்டார்கள். அக்கம்பக்கத்தார் ஒருவன் தோளில் ஒருவன் ஏறி ஜன்னல் வழியாகத் தூக்கினார்கள். அந்த ஜான்தான் பிற்பாடு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. "விடுபட்ட பிள்ளைதான் பெரிய ஆளாக வரும்" என்று முடித்தேன். பின்சீட்டிலிருந்து பையன், "அப்போ அடுத்த தடவை என்னை விட்டுட்டு வாங்கப்பா" என்றான்.

வெஸ்லியின் அம்மா சூசன்னா 19 பெற்று 10ஐ வளர்த்தவர். வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சாயங்காலம் ஒதுக்கி, தனியாக உட்காரவைத்துப் பேசுவாராம். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும்போதும் அந்த வியாழக்கிழமையில் கொஞ்சத்தைக் கேட்டு மகன் அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இதைப் படித்த வேகத்தில் நானும் ஒரு அட்டவணை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். திங்கள் மூத்தவள், செவ்வாய் இரண்டாமவள், இப்படியே சனி வரை. ஆண்டவரே திட்டமிட்டதுபோல ஞாயிறு எனக்கு ஓய்வு.

திங்கட்கிழமை மூத்தவளை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலி போட்டு, "சொல்லும்மா" என்றேன். அவள் முகம் வெளிறிப்போனது. "யாருப்பா என்ன சொன்னாங்க?" என்றாள். யாரும் எதுவும் சொல்லவில்லை, சும்மாதான் என்று நம்பவைப்பதற்குள் அரை மணி நேரம் போயிற்று. அவளுக்கு அடுப்பில் பால் ஞாபகம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைக்காரி டியூஷன் இருக்கிறது என்றாள். மூன்றாவது தன் புதன்கிழமையைப் பத்து ரூபாய் கொடுத்துத் தம்பியிடம் தள்ளிவிட்டாள். அந்தப் பையன் இரண்டு நாள் வந்து உட்கார்ந்து, இரண்டு நாளும் என் போனில் கேம் விளையாடினான். வெள்ளிக்கிழமை எனக்கே தலைவலி. சூசன்னாவின் கணவர் சாமுவேல் போதகர் 1705இல் கடனுக்காகச் சிறைக்குப் போனவர். ஒப்பிட்டுக்கொள்ள வேண்டுமானால் நான் அந்த மனிதரோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவருடைய மனைவியாக ஆசைப்பட்டதுதான் வினை.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு குடும்ப ஞாயிறு ஆராதனையில், பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச சேகர குரு என்னைத்தான் கூப்பிட்டார். மறுத்திருக்கலாம். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். ஒழுங்கு, ஜெபம், தகப்பன் காட்டும் முன்மாதிரி என்று இருபது நிமிஷம் பேசினேன். நன்றாகவே வந்தது. இரண்டு மூன்று பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் ஆரம்பிக்கும்போதே கடைக்குட்டி, "ஒண்ணுக்கு வருது" என்று நெளிந்திருக்கிறான். மூத்தவள் தூக்கிக்கொண்டு போனாள். வருகிற வழியில் அவன் சகதியில் விழுந்து, அவள் பைப்படியில் உட்கார்ந்து அவன் கால்சட்டையை அலசி, காற்றில் பிடித்து உலர்த்தி, கூட்டிக்கொண்டு வரும்போது முடிவு ஆசீர்வாதம் ஆகிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து, "என்னப்பா பேசுனீங்க?" என்று கேட்டாள். நான் பேசியது அத்தனையும் அவள் செய்துகொண்டிருந்தது. கையில் இன்னும் சோப்பு வாசம். "பொதுவா பேசினேம்மா" என்றேன்.

போன ஜூனில் அவள் நர்சிங் படிக்க வேலூர் போனாள். முதல் வாரமே வீட்டில் ஒன்றும் ஓடவில்லை. சளி மருந்து எங்கே இருக்கிறது, யாருக்கு முட்டை சேராது, எவன் என்ன சைஸ் ஷூ என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போய், "பையன் எந்த செக்ஷன்?" என்று கேட்ட வாத்தியாரிடம், "காலையில்கூடச் சொன்னான்" என்று சமாளித்தேன். இந்த லட்சணத்தில் இரண்டாமவள் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் எல்லாவற்றையும் எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ரகசியம் அடுக்களை அலமாரிக் கதவின் உள்பக்கம் இருந்தது. பால்பவுடர் டப்பா தேடப்போய்ப் பார்த்தேன். மூத்தவள் போகும்முன் நோட்டுத் தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போன பட்டியல். தங்கச்சிக்கு என்று தலைப்பு. நாலு பேருக்கும் நம்பர் போட்டு வகுப்பு, செக்ஷன், ஷூ சைஸ், மருந்து, யார் எதற்கு அழுவார்கள் என்பது வரைக்கும் இருந்தது. அம்மா பேர் அதில் இல்லை. ஐந்தாவது நம்பரில் என் பேர் இருந்தது.

"5. அப்பா: சுகர் மாத்திரை, காலைச் சாப்பாட்டுக்கு முன்னாடி. போட்டாச்சுன்னு சொல்வாங்க. நம்பாத. அட்டையை எண்ணிப் பாரு."

எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள்.