பூட்டை உடைக்காத திருடன்

புனே பக்கத்தில் இருக்கிற எங்கள் கடக்வாஸ்லா வீட்டுக்கு வந்த திருடர் தொழில் தெரிந்தவர். பொங்கலுக்குக் கும்பகோணம் போயிருந்தோம். முதல் மாடி பால்கனி வழியாக ஏறி, கொக்கியை நெம்பி, வெள்ளி விளக்கு, பித்தளை அண்டா, கிரைண்டர் மூன்றையும் எடுத்துக்கொண்டு முன்கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். பூட்டில் ஒரு கீறல் இல்லை. "எவ்வளவு நாசூக்கு பாருங்க" என்றாள் மனைவி. அந்த நாசூக்குதான் எங்களைக் கவிழ்த்தது.

வீட்டுக் கடனோடு பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி இருந்தது. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாக் கம்பெனியும் விற்கும் பொதுப் பாலிசி அது. தீயோ வெள்ளமோ வந்து, அதன் விளைவாக 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்குத்தான் அதில் இடம். அதாவது 1961 ஜூலை 12-ல் பான்ஷேத் அணை உடைந்து கடக்வாஸ்லா அணையையும் இழுத்துக்கொண்டு போனதே, அப்படி ஒன்று மறுபடி நடந்து, அந்த வாரத்துக்குள் திருடர் நீந்தி வரவேண்டும். நல்லவேளையாகத் தனியே பர்க்ளரி பாலிசியும் எடுத்திருந்தோம்.

அதற்குப் பலவந்தம் வேண்டுமாம். 2004-ல் ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது: பாலிசியில் அப்படி எழுதியிருந்தால், வன்முறை இல்லாமல் போன சரக்குக்கு இழப்பீடு கிடையாது. பூட்டை நொறுக்குகிற முரடன் வந்தால் பணம். பக்குவமானவன் வந்தால் பட்டை நாமம்.

எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் சிங்ஹகட் கோட்டை தெரியும். கம்பெனி அனுப்பிய சர்வேயரிடம் அதைக் காட்டி, "1670-ல் இந்தக் கோட்டையைப் பிடித்த தானாஜி மாலுசரேகூட வாசலை உடைக்காமல் பாறை ஏறித்தானே போனார்?" என்றேன். அவர் மராட்டியர்; கோட்டைப் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "அங்கே கத்திச் சண்டை நடந்தது, சாஹேப். உங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லையே" என்றார்.

போலீஸ் வந்து பார்த்து எழுதிய பஞ்சநாமாவில் 'கொக்கி வளைந்திருந்தது' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியில் பிழைத்தோம். கடைசியில் போலீஸ் வழக்கை முடித்து எழுதிய 'ஏ' சம்மரியும் வந்தது. மகாராஷ்டிரத்தில் குற்றம் நிஜம், ஆள்தான் அகப்படவில்லை என்றால் 'ஏ'. புகாரே பொய் என்றால் 'பி'. என் பள்ளிக்கூடம் தராத கிரேடை மாஜிஸ்திரேட் கையெழுத்தோடு வாங்கியிருக்கிறேன்.

திருடு போனது சரி, பொருள் உங்களிடம் இருந்ததா என்பது அடுத்த கேள்வி. அண்டாவுக்கு ரசீது கேட்டார்கள். கல்யாணச் சீர். மாமியாருக்குப் போன் போட்டேன். "சீர் சாமானுக்கு ரசீதா? பொண்ணைக் குடுத்ததுக்கு நீங்க ரசீது குடுத்தீங்களா மாப்பிள்ளை?" என்றார். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினோம். சீர்வரிசைப் படத்தில் அண்டாவுக்கு முன்னால் பெரியப்பா நிற்கிறார். அவருடைய இடது தோளுக்குப் பின்னால் ஒரு விளிம்பு பளபளக்கிறது. விளக்கு மட்டும் முழுசாக விழுந்திருந்தது. அது பாஸ்.

கிரைண்டர்தான் சர்வேயருக்கு ஜீரணமாகவில்லை. "கல்லை எதற்குத் திருடுவான்?" என்றார். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு என்று சொன்னதில் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அப்போதுதான் கீழ்வீட்டுத் தாத்தா, இந்த ஊர் வழக்கில் ஆஜோபா, நினைவுக்கு வந்தார். 1916-ல் தொடங்கிய, இங்கேயே இருக்கிற மத்திய நீர், மின்சக்தி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எதையும் அளக்காமல் விடமாட்டார். எங்கள் கிரைண்டரைப் பற்றி சொசைட்டிக்கு அவர் எழுதிய புகார்கள் ஒரு ஃபைல் நிறைய இருந்தன. கூரை அதிரத் தொடங்கிய நேரம், நின்ற நேரம், உளுந்துக்கும் அரிசிக்கும் சத்தத்தில் உள்ள வித்தியாசம் எல்லாம் குறித்திருந்தார். நகல் கேட்டதும் சந்தோஷமாகக் கொடுத்து, அடியில் ஒரு வரியும் சேர்த்தார்: "இவர்கள் ஊரிலிருந்து திரும்பிய பிறகும் கூரை அதிரவில்லை. நன்றி."

சர்வேயர் அதை இரண்டு தடவை படித்தார். கிரைண்டரும் பாஸ், தேய்மானம் போக.

அண்டாதான் பாக்கி. கம்பெனிக்குப் புகார் எழுதி ஒரு மாதம் பார்த்துவிட்டு, இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். புனேயிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணமும் இல்லை. இதை மாமியாரிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சாட்சி சொல்லப் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம், டிக்கெட் போட்டாகிவிட்டது.