ஆங்கிலக் குரலடைகள்: ஒரு சரக்கிருப்பு ஆய்வு

ஆங்கிலத்தில் ஒருவருடைய குரலின் தன்மையைச் சுட்டும் பெயரடைகள், சுருக்கம் கருதி இங்கே 'குரலடைகள்' எனப்படுபவை, செவிப்புலன் சார்ந்தவை என்றே பொதுவாக நம்பப்படுகின்றன. ஆயினும் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்குமிடத்து, பெரும்பாலானவை காதுக்கு எவ்வகையிலும் உறவில்லாத கடைகளிலிருந்து கடனாகக் கொண்டுவரப்பட்டவை என்பது தெளிவாகிறது.

துணிக்கடையிலிருந்து வெல்வெட்டும் பட்டும் வந்துள்ளன. அமெரிக்கப் பாடகர் மெல் டோர்மேக்கு 'வெல்வெட் மூடுபனி' என்னும் பட்டம் சூட்டப்பட்டதும், அதை அவர் விரும்பாததும் இசையுலகம் அறிந்தவை; தொண்டைக்குள் துணியும் பனியும் ஒருங்கே இருப்பதாகச் சொல்லப்படும் எவரும் மருத்துவரை நாடுவாரேயன்றி மகிழமாட்டார் என்பதால் அவ்வெறுப்பு நியாயமானதே. கட்டுமானப் பொருள்களின் வரிசையில் சரளைக்கல் முதலிடம் பெறுகிறது. சாலையில் கொட்டினால் மலிவாகக் கருதப்படும் அது, லூயி ஆம்ஸ்ட்ராங்கின் தொண்டையில் உலகப் புகழுக்குரியதாயிற்று. மளிகைப் பிரிவில் தேன் இருக்கிறது. பழக்கடையைச் சேர்ந்த 'ப்ளம்மி' என்பது, வாயில் ப்ளம் பழத்தை அடக்கிக்கொண்டு பேசுவது போன்ற மேட்டுக்குடிக் குரலைக் குறிக்கும். அப்பழம் விழுங்கப்படுவதுமில்லை, துப்பப்படுவதுமில்லை, தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது.

இவற்றுள் தனிக் கவனத்துக்குரியது 'ஹஸ்கி'. இது தானியத்தின் உமியைக் குறிக்கும் சொல்லிலிருந்து, அதன் வறட்சி பற்றிப் பிறந்தது. திரையிசை பற்றிய தமிழ்ப் பேச்சிலும் 'ஹஸ்கி வாய்ஸ்' நிலைபெற்றுவிட்டது. நெல்லை இத்தனை காலமாகக் குத்திப் புடைத்துவரும் ஒரு சமுதாயம் உமியை மட்டும் அயல்மொழியிலிருந்து இறக்குமதி செய்துகொண்டதன் காரணம் பொருளாதார அறிஞர்கள் ஆராயத்தக்கது.

அளவீட்டுக்கு இடந்தரும் குரலடை ஒன்றே ஒன்றுதான். ஹோமரின் இலியட்டில் வரும் ஸ்டென்டர் ஐம்பது ஆடவர் சேர்ந்து எழுப்பும் ஓசைக்கு ஈடாகக் கத்தக்கூடியவன் என்று கூறப்படுவதால், அவன் பெயரிலிருந்து பிறந்த 'ஸ்டென்டோரியன்' என்னும் அடைமொழி முறைப்படி 50 பேருக்குக் குறையாத குரலுக்கே வழங்கப்பட வேண்டும். நடைமுறையிலோ தனியொரு பள்ளி ஆசிரியருக்கும் அது தாராளமாகத் தரப்படுகிறது.

நகைக்கடைச் சரக்கின் வரலாறு ஆவணங்களோடு கிடைக்கிறது. தொலைபேசியில் நேரம் சொல்வதற்கெனப் பிரிட்டிஷ் அஞ்சல் துறை தன் இணைப்பகப் பணியாளர்களிடையே 1935-இல் நடத்திய 'பொற்குரல்' போட்டியில், கவிஞர் ஜான் மேஸ்ஃபீல்டும் நடிகை சிபில் தார்ண்டைக்கும் அங்கம் வகித்த நடுவர் குழு எத்தல் கெய்ன் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. 1936 ஜூலை 24 முதல் இலண்டனில் அவர் குரல் நேரம் அறிவித்தது. பரிசு 10 கினி. கினி என்னும் பொற்காசு நூறாண்டுகளுக்கு மேலாக அச்சிடப்படாமல், 21 ஷில்லிங்கைக் குறிக்கும் வெறும் கணக்குப் பெயராகவே எஞ்சியிருந்ததால், பொற்குரலுக்கு இல்லாத பொன்னால் விலை கொடுக்கப்பட்டது என்பதும், அக்குரல் பதிவானது கண்ணாடித் தட்டுகளில் என்பதும் நகை மதிப்பீட்டாளர்களைக் கலங்கச் செய்யும்.

கடைத்தெருவின் இக்குழப்பத்துக்கு மருத்துவம் மாற்றுவழி தேடியது. ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோவின் 1981-ஆம் ஆண்டு நூலின் வழியாக உலகெங்கும் பரவிய 'ஜி-ஆர்-பி-ஏ-எஸ்' அளவுகோல், குரலைக் கேட்பவர் அதன் கோளாற்றுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் இடும் முறையாகும். முதலெழுத்து ஒட்டுமொத்தக் கேட்டையும், மூன்றாவது குரல்நாண்கள் முழுதும் மூடாததால் கசியும் மூச்சையும், நான்காவது சோர்வையும், ஐந்தாவது இறுக்கத்தையும் குறிக்கின்றன. வெல்வெட்டும் உமியும் பழமும் அறவே விலக்கப்பட்ட இவ்வளவுகோலில் இரண்டாம் எழுத்து குறிப்பது சொரசொரப்பு. அதை உப்புத்தாள் விற்கும் கடையில் விரலால் தடவி அறியலாம்.